நாற்பது பேர், நாற்பது நிமிடம்: பிள்ளைகளைப் பேச வைக்க எந்த வழி?

வாரத்துக்கு ஒரு பீரியட் கிடைத்திருக்கிறது. 40 நிமிடம். வகுப்பில் 40 பிள்ளைகள். "பேச்சுத் திறன் வளர்க்க ஏதாவது செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தலைமை ஆசிரியர் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். ஆசிரியர் அறையில் உடனே யோசனைகள் குவிந்தன. ஒருவர் பேச்சுப்போட்டி என்றார். ஒருவர் விவாதம் என்றார். நாடகம் போடலாம் என்றார் இன்னொருவர். வாராவாரம் பேச்சு மன்றம் மாதிரி நடத்தலாமே என்றது ஒரு குரல். மூலையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே, "தனியாக எதற்கு ஒரு பீரியட்? இருக்கிற பாடத்திலேயே அதுகளைப் பேச விட்டால் போதாதா?" என்றார்.

எதையும் தள்ள முடியாது என்பதுதான் சிக்கல். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் செய்யலாம் என்று கூட்டத்தை முடித்தால் இரண்டு மாதத்தில் எதுவும் மிஞ்சாது. அந்த பீரியட் கணக்கு வாத்தியாருக்குப் போய்விடும். நான் இவை ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு வருடம் செய்து பார்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு விதமாக அடிபட்டவன். அதனால் ஒப்பிடுவதற்கு இப்போதெல்லாம் இரண்டே கேள்விகள் வைத்திருக்கிறேன். ஒரு பிள்ளைக்கு வாய் திறக்க எத்தனை நிமிடம் கிடைக்கிறது? அந்த நிமிடம் எந்தப் பிள்ளைக்குக் கிடைக்கிறது?

கணக்குப் போட்டுப் பார்த்தால் சில யோசனைகளின் பளபளப்பு போய்விடும். அதற்கு முன்னால் ஒரு விஷயம்.

எந்தப் பேச்சைச் சொல்கிறோம்

1965-ல் ஆண்ட்ரூ வில்கின்சன் என்ற பிரிட்டிஷ் கல்வியாளர் 'ஒரசி' என்று ஒரு சொல்லை உருவாக்கினார். எழுத்தறிவுக்கு 'லிட்டரசி' இருக்கிறது, எண்ணறிவுக்கு 'நியூமரசி' இருக்கிறது, அந்த வரிசையில் பேசிக் கேட்கும் திறனுக்கு ஒரு பெயர். பெயர் இல்லாத ஒன்றுக்கு டைம்டேபிளில் இடம் கிடைக்காது என்பதைப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த எவரும் ஒப்புக்கொள்வார்கள்.

பின்னாளில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இந்தத் திறனை நான்காகப் பிரித்தார்கள். உடல் சார்ந்தது: குரல், வேகம், நிற்கும் விதம், பார்வை. மொழி சார்ந்தது: சொல், நடை. சிந்தனை சார்ந்தது: என்ன சொல்கிறோம், எந்த அடுக்கில், என்ன காரணத்தோடு. நான்காவது, மனமும் பழக்கமும் சார்ந்தது: எதிரில் இருப்பவரைக் கவனிப்பது, அடுத்தவருக்கு முறை விடுவது, தைரியம். நம் பேச்சுப்போட்டிகளில் நடுவர் கையில் இருக்கும் மதிப்பெண் தாளை நினைத்துப் பாருங்கள். குரல், உச்சரிப்பு, உடல்மொழி, கருத்து என்று முதல் மூன்றும் ஏதோ ஒரு வடிவில் இருக்கும். கேட்பதற்கு ஒரு கட்டம்கூட இருக்காது.

இன்னொரு பிரிவினையும் உண்டு, எனக்கு இதுதான் அதிகம் உதவியது. டக்ளஸ் பார்ன்ஸ் 1970-களில் சொன்னது. யோசித்துக்கொண்டே பேசும் பேச்சு ஒன்று. யோசித்து முடித்துவிட்டுப் பேசும் பேச்சு இன்னொன்று. முதலாவதில் தடுமாற்றம் இருக்கும், வாக்கியம் பாதியில் நிற்கும், "இல்ல இல்ல, அப்படி இல்ல" என்று திரும்பும். கேட்க அழகாக இருக்காது. ஆனால் புரிதல் உருவாவது அங்கேதான். இரண்டாவது, கேட்பவருக்காகத் துடைத்து அடுக்கி வைத்தது. பள்ளிக்கூடம் இரண்டாவதை மட்டுமே 'பேச்சு' என்று நினைக்கிறது. முதலாவதற்கு நம்மிடம் உள்ள பெயர் 'வகுப்பில் சத்தம்'.

மேடை

காலைக் கூட்டத்தில் தினமும் ஒரு பிள்ளை 2 நிமிடம் பேசுகிறது என்று வைத்துக்கொள்வோம். பள்ளியில் 400 பேர், வருடத்துக்கு 200 வேலை நாள். எல்லோருக்கும் நேர்மையாக முறை வைத்தாலும் ஒருவருக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் வரும். பத்து வருடப் படிப்பில் ஐந்து தடவை, மொத்தம் 10 நிமிடம். உண்மையில் முறை அப்படி நேர்மையாகவா வருகிறது? நன்றாகப் பேசுகிற அதே ஐந்து பேரைத்தான் திரும்பத் திரும்ப ஏற்றுகிறோம். விருந்தினர் வரும் நாளென்றால் கேட்கவே வேண்டாம்.

வகுப்புக்குள் போட்டி வைத்தால்? தலைக்கு 3 நிமிடம், எழுந்து வந்து கைதட்டு வாங்கிப் போக 1 நிமிடம். 40 பேருக்கு 160 நிமிடம், அதாவது நான்கு பீரியட். ஒரு மாதம் முழுக்க. ஒரு பிள்ளை அந்த மாதத்தில் 3 நிமிடம் பேசிவிட்டு மீதி 157 நிமிடம் வாய் பொத்தி உட்கார்ந்திருக்கும்.

மேடை எதைச் சொல்லித் தருகிறது என்பதும் நாம் நினைக்கிற அளவுக்குத் தெளிவில்லை. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தண்ணீர்ச் சிக்கனம் பற்றிப் பேச ஏறினான். நான்காவது வாக்கியத்தில் மைக் 'கீ' என்று கத்தியது. நின்றுவிட்டான். சில நொடி கழித்து, "அவையோர் அனைவருக்கும் வணக்கம்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தான். அதே நான்காவது வாக்கியத்தில் அதே இடத்தில் மறுபடி நின்றான். மூன்றாவது தடவையும் வணக்கத்திலிருந்து. அரங்கில் சிரிப்பு கிளம்ப, இறங்கி வந்துவிட்டான். அன்று மாலை வராந்தாவில் வைத்து, "என்னதான்டா சொல்ல வந்தாய்?" என்று கேட்டேன். வீட்டுக் குழாயில் வாஷர் தேய்ந்து சொட்டியது, அடியில் ஒரு வாளி வைத்து ஒரு ராத்திரிக்கு எவ்வளவு சேருகிறது என்று அளந்தது, பிறகு அவனே வாஷர் மாற்றியது என்று பத்து நிமிடம் சொன்னான், கையை ஆட்டி ஆட்டி. இதில் ஒரு வரிகூட அந்த உரையில் இல்லை. உரை அவன் அப்பா எழுதியது. அவனுக்கு அது ஒரே நூலில் கோத்த மணி. ஒரு இடத்தில் அறுந்தால் எல்லாம் உருண்டுவிடும்.

இப்போது அப்பாக்களுக்கும் வேலை மிச்சம். செல்போனில் தலைப்பைச் சொன்னால் அரை நிமிடத்தில் உரை தயார்.

மேடையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரிய அரங்கில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசுவது ஒரு தனித் திறன், அதை அரங்கில் நின்றுதான் பழக முடியும். ஏற்கெனவே பேச வருகிற பிள்ளைக்கு மேடை அடுத்த படி. பேச வராத பிள்ளைக்கு அதை முதல் படியாக வைப்பதுதான் தவறு.

பேச்சு மன்றம் போல ஒரு பீரியட்

1924-ல் கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றம் பெரியவர்களுக்கானது. அதில் நான் சுட்டுக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு. அங்கே பேசுபவர் மட்டும் வேலை செய்வதில்லை, கேட்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. ஒருவர் நேரம் பார்ப்பார். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்கு காட்டுவார். ஒருவர் 'ஆ... ம்...' என்று இழுப்பதை எண்ணுவார். ஒருவர் பேச்சை மதிப்பிட்டுச் சொல்வார். தயாரித்துவந்த பேச்சுக்கு 5 முதல் 7 நிமிடம். தலைப்பை அங்கேயே கொடுத்துப் பேசச் சொல்வதற்கு 1 முதல் 2 நிமிடம்.

பள்ளிக்கு இதை வெட்டிச் சுருக்க வேண்டும். 40 பேரை எட்டு எட்டாக ஐந்து குழு ஆக்கினேன். ஒரு பிள்ளைக்கு 2 நிமிடப் பேச்சு, ஒன்றரை நிமிடம் கருத்து, அரை நிமிடம் ஆள் மாற. எட்டு பேருக்கு 32 நிமிடம். தலைப்பு சொல்ல, முடித்து வைக்க 8 நிமிடம் மிச்சம். ஒரு பீரியடில் வகுப்பே பேசி முடித்துவிடுகிறது. வருடத்தில் 30 வாரம் நடந்தால் ஒரு பிள்ளைக்கு 60 நிமிடம். காலைக் கூட்டத்தில் அதே பிள்ளைக்கு வருடத்துக்குச் சராசரியாக 1 நிமிடம்.

கேட்பவர் ஏழே பேர், அதுவும் தெரிந்த முகம் என்பதால் பயம் தானாகக் குறைகிறது. அதனால் குழுவை ஆறு வாரத்துக்கு மாற்றாமல் வைப்பது நல்லது. பிறகு கலைத்துப் போடலாம்.

நான் அடிபட்டது மூன்று இடத்தில்.

முதலாவது, கருத்து சொல்லும் முறை. விட்டால் எல்லோரும் "நல்லா பேசினான்" என்பார்கள். அந்த வாக்கியத்தைத் தடை செய்தேன். பேசியவர் சொன்ன ஏதாவது ஒரு சொற்றொடரை அப்படியே திருப்பிச் சொல்லி, அது ஏன் பிடித்தது என்று சொல்ல வேண்டும். மாற்ற வேண்டியது ஒன்றைச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்ல வேண்டுமென்றால் காது கொடுத்துக் கேட்டாக வேண்டுமே.

இரண்டாவது, இழுவை எண்ணும் வேலை. "வந்து", "அதாவது" எத்தனை தடவை வந்தது என்று ஒரு பையன் கோடு போட்டு எண்ணி, "பதினேழு!" என்று உற்சாகமாக அறிவித்தான். பேசிய பெண் அடுத்த வாரம் நான்கு வாக்கியத்தோடு உட்கார்ந்துவிட்டாள். பதினேழு 'அதாவது' வந்தால் என்ன குடி முழுகிவிடும்? முதல் இரண்டு மாதம் அந்த வேலையே வேண்டாம் என்று எடுத்துவிட்டேன்.

மூன்றாவது, தலைப்பு. 'என் லட்சியம்', 'நேரம் பொன் போன்றது' எல்லாம் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன வாக்கியங்களைத்தான் வெளியே கொண்டுவரும். 'இந்த வாரம் எதற்காவது கோபப்பட்டாயா?', 'யாராவது உனக்குத் தப்பாக வழி சொன்னதுண்டா?' என்று கேட்டால் பிள்ளையின் சொந்த வாய் திறக்கும். இன்னும் சின்ன வகுப்பென்றால் முதுகோடு முதுகு உட்கார வைத்து ஒரு விளையாட்டு. ஒருத்தி கையில் ஒரு படம்: வட்டம், அதன்மேல் முக்கோணம், ஓரத்தில் இரண்டு கோடு. மற்றவள் கையில் வெற்றுத்தாள். பார்க்காமல், கையால் காட்டாமல், வாயால் மட்டும் சொல்லி வரைய வைக்க வேண்டும். "ஒரு வட்டம் போடு. இல்ல, அவ்வளவு பெரிசா இருக்காது... நீ எவ்வளவு பெரிசா போட்ட?" அந்தக் கடைசிக் கேள்வி வந்ததும் பாடம் முடிந்தது என்று அர்த்தம். எதிரில் இருப்பவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டாள். எந்த மேடையும் இதைச் சொல்லித் தராது.

குறை என்னவென்றால், ஐந்து குழுவும் ஒரே நேரத்தில் பேசும்போது ஆசிரியர் ஒரு குழுவைத்தான் கேட்க முடியும். முதல் மூன்று வாரம் சந்தைக்கடைதான். பொறுக்க வேண்டும். மன்ற வடிவம் ஒன்பது, பத்து வயதுக்கு மேல்தான் ஓடும். அதற்குக் கீழே கருத்து சொல்லும் பகுதி சண்டையில் முடியும்.

விவாதம்

1988-ல் தொடங்கிய உலகப் பள்ளிகள் விவாதப் போட்டியின் வடிவம் இது: அணிக்கு மூன்று பேர், ஆளுக்கு 8 நிமிடம், கடைசியில் அணிக்கு ஒருவர் 4 நிமிட முடிவுரை. கூட்டினால் 56 நிமிடம். 40 நிமிட பீரியடில் அடங்காது, பேசுகிறவர்கள் ஆறே பேர், 34 பேர் வேடிக்கை. ஆக, போட்டி வடிவத்தை அப்படியே வகுப்புக்குக் கொண்டுவருவது முதல் கேள்வியிலேயே தோற்றுவிடுகிறது.

ஆனால் விவாதத்துக்குள் வேறு எதிலும் இல்லாத ஒரு சரக்கு உண்டு. எந்தப் பக்கம் பேச வேண்டும் என்பதைப் பேசுபவர் தேர்ந்தெடுப்பதில்லை. தான் நம்பாத பக்கத்துக்காகவும் காரணம் தேட வேண்டும். பதின்மூன்று வயதில் அது பெரிய விஷயம். அதனால் நான் அதை உடைத்துச் சின்னதாக்குவேன். நான்கு நான்கு பேராகப் பத்து மேசை. இரண்டு பேர் இந்தப் பக்கம், இரண்டு பேர் அந்தப் பக்கம். ஆளுக்கு 1 நிமிடம், இரண்டு சுற்று. பிறகு பக்கம் மாறி மறுபடி இரண்டு சுற்று. 16 நிமிடத்தில் ஒவ்வொருவரும் 4 நிமிடம் பேசியிருப்பார்கள். மன்றத்தைவிட இரண்டு மடங்கு.

விதி ஒன்றே ஒன்று. மறுத்துப் பேசுவதற்கு முன்னால், "நீ சொல்வது இதுதானே?" என்று எதிராளியின் கருத்தைச் சொல்ல வேண்டும், எதிராளி "ஆமாம்" என்ற பிறகுதான் மறுக்கலாம். பல மேசைகளில் அந்த "ஆமாம்" கிடைக்கவே இரண்டு மூன்று முயற்சி ஆகும். சண்டையில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும்.

இந்த விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நீல் மெர்சர் வகுப்பறைப் பேச்சுகளைப் பதிவு செய்து ஆராய்ந்ததைச் சொல்லலாம். பிள்ளைகள் கூடிப் பேசுவதில் அவர் மூன்று வகை பார்த்தார். "ஆமா" "இல்ல" என்று மோதிக்கொள்வது. ஒருவர் சொன்னதன்மேல் அடுத்தவர் கேள்வி கேட்காமல் அடுக்கிக்கொண்டே போவது. காரணம் கேட்டு, காரணம் சொல்லி, சேர்ந்து யோசிப்பது. மோசமாக நடத்திய விவாதம் முதல் வகையைத்தான் பழக்கும். ஏற்கெனவே வாயாடியாக இருக்கிற பிள்ளைக்கு அது கத்தி தீட்டிக் கொடுப்பது மாதிரி. படிக்காமல் வந்தால் பேச ஒன்றும் இருக்காது என்பது இன்னொரு குறை. தலைப்பைப் பற்றி முந்தைய வாரமே ஒரு பக்கமாவது கையில் கொடுத்திருக்க வேண்டும்.

நாடகத்தைப் பற்றிச் சுருக்கமாக

வேஷம் ஒரு கவசம். "நான் பேசவில்லை, அந்தக் கிழவர் பேசுகிறார்" என்ற தைரியத்தில் சில பிள்ளைகள் முதல் தடவை குரல் உயர்த்துவார்கள். அதற்காக நாடகம் எனக்குப் பிடிக்கும். ஆனால் ஆண்டு விழா நாடகம் என்றால் பேச்சுப்போட்டியின் நோய்தான்: எழுதிக் கொடுத்த வசனம், நான்கு முக்கிய வேஷம், மீதிப் பேர் மரமும் கூட்டமும். வசனமில்லாமல், சூழ்நிலையை மட்டும் கொடுத்து நடிக்க விட்டால் நிலைமையே வேறு. கடன் வாங்கிய புத்தகத்தைத் தொலைத்துவிட்டாய், போய்ச் சொல்லு. டாக்டருக்குப் போன் செய்து அம்மாவுக்கு என்ன செய்கிறது என்று விவரி. இரண்டிரண்டு பேராக மூன்று நிமிடம் போதும். மன்ற பீரியடில் மாதம் ஒரு தடவை இதைச் செருகலாம். தனி வழியாக எடுக்கும் அளவுக்கு இல்லை.

பாடத்துக்குள்ளேயே

மூலையில் இருந்தவரின் யோசனைக்கு வருவோம். ஒரு நாளைக்கு ஐந்து பாட பீரியட். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு முறை, 2 நிமிடம், பக்கத்தில் இருப்பவரோடு பேச விடுகிறோம். ஆளுக்கு 1 நிமிடம். நாளுக்கு 5 நிமிடம், 200 நாளைக்கு 1,000 நிமிடம். பதினாறு மணி நேரத்துக்கும் மேல். மன்றத்தில் 60 நிமிடம் என்று நான் பெருமைப்பட்டதை நினைத்து, கணக்கில் தப்பு இருக்கிறதா என்று மறுபடி ஒருமுறை போட்டுப் பார்த்தேன். தப்பில்லை.

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். 1981-ல் ஃபிராங்க் லைமன் எழுதிவைத்த முறை: கேள்வியைக் கேள், முதலில் தனியாக யோசிக்க விடு, பிறகு ஜோடியாகப் பேச விடு, அப்புறம் வகுப்புக்குச் சொல்ல விடு. தயக்கமுள்ள பிள்ளை வகுப்பு முன் எழும்போது அதே விஷயத்தை ஏற்கெனவே ஒருமுறை சொல்லிப் பார்த்திருக்கும்.

நாம் வழக்கமாகச் செய்வது என்ன? ஆசிரியர் கேட்பார், ஒரு பிள்ளை ஓரிரு சொல்லில் பதில் சொல்லும், ஆசிரியர் "சரி, உட்கார்" என்பார். மூன்றே அசைவு. 1970-களில் வகுப்பறைப் பேச்சை ஆராய்ந்த பலரும் இந்த மூன்றசைவைத்தான் திரும்பத் திரும்பக் கண்டார்கள். அதற்கு முன்பே நெட் ஃபிளாண்டர்ஸ், வகுப்பு நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு பேச்சு, அந்தப் பேச்சில் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியருடையது என்று சொல்லியிருந்தார். மிச்சத்தை 40 பேருக்குப் பங்கு போட்டுப் பாருங்கள்.

இன்னொரு பழைய கண்டுபிடிப்பும் எனக்கு உறைத்தது. மேரி பட் ரோ 1970-களில் ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று ஒலிநாடாவில் அளந்தார். சராசரி 1 நொடி. அதை 3 நொடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன, "தெரியாது" குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். நாளை வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று" என்று எண்ணிப் பாருங்கள். ஆயிரத்து இரண்டிலேயே நம் வாய் துடிக்கும்.

ஆறாம் வகுப்பில் அரையையும் மூன்றில் ஒரு பங்கையும் கூட்டச் சொல்லி, ஜோடியாகப் பேச விட்டிருந்தேன். ஜன்னல் ஓர பெஞ்சில் கேட்டது:

"மேல கூட்டினா ரெண்டு, கீழ கூட்டினா அஞ்சு. அஞ்சுல ரெண்டு."

"அஞ்சுல ரெண்டுன்னா அரையை விடக் கம்மியாச்சே."

"அதனால என்ன?"

"அரையோட இன்னும் கொஞ்சம் சேர்க்கிறோம்ல. எப்படிக் கம்மியாகும்?"

அப்புறம் இரண்டு பேரும் பேசவில்லை. ஒருவன் பென்சிலைக் கடித்தான். நான் போய் விடையைச் சொல்லியிருந்தால் அந்த மௌனம் கிடைத்திருக்காது. இது பேச்சுத் திறன் வகுப்பு இல்லை, கணக்கு வகுப்பு. ஆனால் "எப்படிக் கம்மியாகும்?" என்று காரணம் கேட்கப் பழகியவனை எந்த மன்றத்திலும் தைரியமாக உட்கார வைக்கலாம்.

இந்த வழியின் குறைகளையும் சொல்ல வேண்டும், அவை சின்னவை இல்லை. "பக்கத்தில் பேசுங்கள்" என்று வெறுமனே சொன்னால் நேற்றைய மேட்ச் பற்றித்தான் பேசுவார்கள். கேள்வியில் பேச இடம் இருக்க வேண்டும். ஒரு சொல்லில் முடிகிற கேள்விக்கு ஜோடி எதற்கு? கரும்பலகை ஓரத்தில் "ஏன் அப்படிச் சொல்கிறாய்?", "நீ சொன்னதோடு நான் சேர்ப்பது...", "எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது, ஏனென்றால்..." என்று மூன்று நான்கு வாக்கியத் தொடக்கங்கள் எழுதிப் போட வேண்டும். அதைவிடப் பெரிய குறை, ஒரு ஆசிரியர் செய்தால் போதாது. என் 1,000 நிமிடக் கணக்கு ஐந்து பாட ஆசிரியரும் செய்தால்தான் நிற்கும். ஒருவர் மட்டும் செய்தால் அது 200. அதுவும் மன்றத்தைவிட அதிகம்தான் என்பது வேறு விஷயம்.

அப்புறம், இதில் காட்ட ஒன்றும் இல்லை. கோப்பை இல்லை, போட்டோ இல்லை, பெற்றோர் வந்து கைதட்ட ஒரு நாள் இல்லை. நிர்வாகத்துக்கு அறிக்கை எழுதும்போது இது கையை விரிக்க வைக்கும்.

மதிப்பெண் கூடும் என்று சொல்லி விற்கலாமா? இங்கிலாந்தில் உரையாடல் வழிக் கற்பித்தலைச் சோதித்தபோது, 2017-ல் வந்த முடிவு ஆங்கிலத்திலும் அறிவியலிலும் சுமார் இரண்டு மாதக் கூடுதல் முன்னேற்றம் என்றது. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து தத்துவக் கேள்விகளைப் பேசும் வேறொரு திட்டத்துக்கும் 2015-ல் இதுபோல நல்ல முடிவு வந்தது. ஆனால் அதையே பெரிய அளவில் சோதித்து 2021-ல் வெளியிட்டபோது வாசிப்பில் பலன் எதுவும் தெரியவில்லை. அதனால் மதிப்பெண்ணைக் காட்டி வாக்குக் கொடுக்க நான் தயாரில்லை. பேச வேண்டும் என்பதற்காகப் பேச விடுகிறோம், அவ்வளவுதான்.

எந்தப் பட்டியலிலும் வராத பிள்ளைகள்

மேலே போட்ட கணக்கெல்லாம் சராசரிப் பிள்ளைக்கு. திக்கிப் பேசும் பிள்ளைக்கு 2 நிமிட மணி அடிப்பதே கொடுமை. அங்கே நேரக் கணக்கைத் தளர்த்த வேண்டும். வாக்கியத்தை நாம் முடித்துக் கொடுக்கக் கூடாது. "மெதுவா, பதறாம சொல்லு" என்பது ஆறுதல் போலத் தோன்றும், கேட்கிற பிள்ளைக்கு அது இன்னொரு அழுத்தம். வீட்டில் வாய் ஓயாமல் பேசி, பள்ளி வாசலைத் தாண்டியதும் ஒரு சொல்கூடப் பேச முடியாமல் போகிற பிள்ளைகளும் உண்டு. அது அடம் இல்லை. பதற்றத்தால் வருவது, நிபுணர் உதவி தேவைப்படுவது. "பேசினால்தான் விடுவேன்" என்று நிற்க வைத்தால் நிலைமை மோசமாகும். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வருகிற பிள்ளைக்கு ஜோடிப் பேச்சை முதலில் வீட்டு மொழியிலேயே விட்டுவிடலாம், யோசனை நின்றுபோகாது.

இவர்கள் எல்லோருக்கும் மேடை கடைசி. ஜோடி முதல். போனில் பேசிப் பதிவு செய்துகொண்டு வரச் சொல்வதும் நடுவில் ஒரு படியாக உதவும், ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. பதிவில் எதிரே தலையாட்டக்கூட ஆள் கிடையாது.

வளர்ச்சியை எப்படி அளப்பது என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். குரலுக்கு 10, கருத்துக்கு 10 என்று தாளில் கட்டம் போட்டால் இரண்டு ஆசிரியர் இரண்டு விதமாகப் போடுவார்கள். ஒரே பிள்ளையின் ஜூன் மாதப் பதிவையும் நவம்பர் பதிவையும் எது எப்போதையது என்று சொல்லாமல் இன்னொரு ஆசிரியரிடம் கொடுத்து, "எது மேல்?" என்று மட்டும் கேளுங்கள். எண் போடுவதைவிட இரண்டில் எது மேல் என்று சொல்வது மனிதருக்கு எளிது. உளவியலாளர் தர்ஸ்டன் 1927-லேயே இந்த ஒப்பீட்டு முறைக்கு ஒரு கணித அடிப்படை வகுத்துவிட்டார்.

அப்படியானால் எது?

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். அடித்தளம் பாடத்துக்குள் ஜோடிப் பேச்சு. கிடைத்த அந்த ஒரு பீரியட், எட்டுப் பேர் குழுவாக மன்றம். பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் மன்றத்தில் மாதம் ஒரு வாரம் நான்கு பேர் விவாதம். போட்டியும் மேடையும் வருடத்துக்கு ஒன்றிரண்டு, விருப்பப்பட்டவர்களுக்கு.

சக ஆசிரியர்கள் ஒத்துவர மாட்டார்கள் என்று தெரிந்தால் அவர்களோடு மல்லுக்கு நிற்காமல் மன்றத்தை மட்டும் உருப்படியாக நடத்துங்கள். உங்கள் பாடத்தில் மட்டும் ஜோடிப் பேச்சு. வகுப்பில் 60 பேர், பெஞ்சை நகர்த்தக்கூட இடமில்லை என்றால் எட்டுப் பேர் குழு ஓடாது. முன் பெஞ்சு பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தால் கிடைக்கிற நான்கு பேர் குழுதான் சாத்தியம், அதில் விவாத வடிவம் நன்றாக உட்காரும். ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள் என்றால் மன்றம், விவாதம் இரண்டையும் மறந்துவிட்டு முதுகோடு முதுகு விளையாட்டும் வசனமில்லா நாடகமும். இந்த வருடமே வெளிப் போட்டிக்கு ஒரு அணி அனுப்பியாக வேண்டும் என்று மேலிடம் நெருக்கினால் ஆறு பேரைப் பள்ளி முடிந்தபின் தனியாகத் தயார் செய்யுங்கள். அதற்காக 40 பேரின் பீரியடைத் தொடாதீர்கள்.

முடிவெடுப்பதற்கு முன் ஒரு வாரம் வேறு ஒன்று செய்யலாம். உட்காரும் வரிசைப்படி 40 கட்டம் வரைந்த தாளை மேசையில் வைத்து, வகுப்பில் யார் வாய் திறந்தாலும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. நான் போட்ட தாளில் முன் வரிசை நடுவிலிருந்து பின்னோக்கி ஒரு முக்கோணமாகக் கோடுகள் நெருங்கிக் கிடந்தன. பதினான்கு கட்டம் காலி. அந்தப் பதினான்கில் ஒன்று, வாஷர் மாற்றிய பையன்.

வருடாந்திரப் பேச்சுப்போட்டியை எங்கள் பள்ளியில் எடுக்க முடியவில்லை. எடுக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. ஒரே ஒரு விதியை மட்டும் மாற்றக் கேட்டேன். தலைப்பை இரண்டு வாரத்துக்கு முன்னால் கொடுக்காமல், மேடைக்குப் பக்கத்து அறையில் பத்து நிமிடத்துக்கு முன்னால் கொடுப்பது. கையில் ஒரு சின்னத் துண்டுச்சீட்டும் பென்சிலும் மட்டும். முதல் வருடம் பெயர் கொடுத்தவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். அப்பாக்கள் இரண்டு பேர் புகார் சொல்ல வந்தார்கள்.